உல்லாச படகு சவாரி உயிரை பறிப்பது ஏன்? மூழ்கிய படகை மீட்பது எப்படி?

சென்னை:

லீவு விட்டாச்சு என்றால் போதும். முட்டுக்காடு, ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று எந்த படகு துறைக்கு போனாலும் கூட்டம் அலைமோதும். டிக்கெட் எடுக்க வரிசை, படகில் ஏற வரிசை, ஏறியதும் போட்டோ எடுக்க போட்டி. அரை மணி நேர சவாரி முடிந்து இறங்கினால் எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

ஆனால் அந்த அரை மணி நேரம் சில குடும்பங்களுக்கு கடைசி பயணமாக முடிந்து இருக்கிறது. ஒவ்வொரு விபத்துக்கு பிறகும் விசாரணை நடக்கிறது, அறிக்கை வருகிறது, கட்டுப்பாடு அறிவிக்கப்படுகிறது. சில மாதங்களில் எல்லாம் மறந்து போகிறது. அடுத்த விபத்திலும் அதே காரணங்கள்தான் சொல்லப்படுகின்றன.

உல்லாச படகுகள் ஏன் கவிழ்கின்றன? கவிழ்ந்தால் என்ன செய்ய வேண்டும்? மூழ்கிய படகை எப்படி தூக்குகிறார்கள்? தூக்கிய படகு மறுபடியும் ஓடலாமா? இதோ முழு விவரம்.

மறக்க முடியாத விபத்துகள்

பழவேற்காடு (2011): டிசம்பர் 25-ந்தேதி, கிறிஸ்துமஸ் பண்டிகை நாள். உறவினர்கள் குடும்பம் குடும்பமாக பழவேற்காடு ஏரிக்கு உல்லாச பயணம் வந்தனர். மீன்பிடி படகு ஒன்றில் அளவுக்கு மீறி ஏறி சவாரி போனார்கள். படகு கவிழ்ந்து 22 பேர் பரிதாபமாக பலியானார்கள். அதன் பிறகு அங்கு சுற்றுலா படகு சவாரிக்கு தடை விதிக்கப்பட்டது. தடைக்கு பிறகும் திருட்டுத்தனமாக சவாரி நடப்பதாக பல முறை புகார் எழுந்தது குறிப்பிடத்தக்கது.

தட்டேக்காடு (2007): கேரளாவில் உள்ள இந்த பறவைகள் சரணாலயத்துக்கு பள்ளிக்கூடத்தில் இருந்து சுற்றுலா வந்த மாணவர்கள் பிப்ரவரி 20-ந்தேதி படகில் ஏறினர். படகு மூழ்கியதில் 15 மாணவர்கள், 3 ஆசிரியர்கள் என 18 பேர் இறந்தனர்.

தேக்கடி (2009): செப்டம்பர் 30-ந்தேதி மாலை. கேரள சுற்றுலா வளர்ச்சி கழகத்தின் 'ஜலகன்னிகா' என்ற 2 அடுக்கு பைபர் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். இவர்களில் தமிழ்நாட்டை சேர்ந்தவர்களும் உண்டு. அந்த படகு சேவைக்கு வந்து சில வாரங்களே ஆகி இருந்தது.

தானூர் (2023): கேரள மாநிலம் மலப்புரம் மாவட்டத்தில் மே 7-ந்தேதி, இருட்டிய பிறகு புறப்பட்ட 2 அடுக்கு படகு கவிழ்ந்தது. 22 பேர் பலி. ஒரே குடும்பத்தை சேர்ந்த பலர் இறந்தது நாட்டையே உலுக்கியது. மீன்பிடி படகை மாற்றி உல்லாச படகு ஆக்கி இருந்தார்கள் என்ற அதிர்ச்சி தகவல் பிறகுதான் வெளிவந்தது.

வதோதரா (2024): குஜராத்தில் ஹர்ணி ஏரிக்கு ஜனவரி 18-ந்தேதி சுற்றுலா வந்த பள்ளி குழந்தைகள் 12 பேரும், ஆசிரியைகள் 2 பேரும் பலியானார்கள். அளவுக்கு அதிகமாக ஆள் ஏற்றியதும், பல குழந்தைகள் லைப் ஜாக்கெட் அணியாததும் அங்கேயும் காரணமாக சொல்லப்பட்டது.

மும்பை (2024): டிசம்பர் 18-ந்தேதி எலிபெண்டா குகைக்கு 100-க்கும் மேற்பட்ட பயணிகளுடன் போன படகு மீது, என்ஜின் சோதனையில் இருந்த கடற்படை அதிவேக படகு மோதியது. 15 பேர் இறந்தனர். இந்த பட்டியலில் மோதி நடந்த விபத்து இது ஒன்றுதான். மற்ற 5 இடங்களிலும் வேறு படகு வந்து மோதவில்லை. அந்தந்த படகே மூழ்கியது அல்லது கவிழ்ந்தது.

காரணம் 1: "இன்னும் ரெண்டு பேர் ஏறுங்க"

படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பது இருக்கைகளை எண்ணி முடிவு செய்வது அல்ல. தண்ணீர் மட்டத்துக்கும் படகின் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதுதான் உயிர் நாடி. ஆள் ஏற ஏற படகு அமுங்கும், இந்த இடைவெளி குறையும். சாதாரண நாளில் விளிம்பை தொடாத சின்ன அலை கூட அப்போது உள்ளே வந்து விழும்.

உள்ளே வந்த தண்ணீர் ஒரு இடத்தில் நிற்காது. படகு எந்த பக்கம் சாய்கிறதோ அந்த பக்கமே ஓடும். அதனால் சாய்வு இன்னும் கூடும். கூடிய சாய்வில் இன்னும் தண்ணீர் ஏறும். கணுக்கால் அளவு தண்ணீர் சேர்ந்த பிறகு ஒரு படகு கவிழ ஒரு நிமிடம் கூட ஆகாது.

"குழந்தைங்கதானே, மடியில உட்கார வெச்சுக்கலாம்" என்று கணக்கில் சேர்க்காமல் ஏற்றுவது இன்னொரு தவறு. படகுக்கு வயது தெரியாது, எடைதான் தெரியும்.

காரணம் 2: எல்லோரும் ஒரே பக்கம்

கரையில் யானை நின்றால் என்ன நடக்கும்? எல்லோரும் எழுந்து அந்த பக்கம் ஓடுவார்கள். தேக்கடியில் கரையில் நின்ற விலங்குகளை பார்க்க பயணிகள் ஒரு பக்கமாக திரண்டதாக உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள்.

ஒரு ஆள் 60 கிலோ என்று வைத்தால் 20 பேர் 1,200 கிலோ. ஒரு சிறிய காரின் எடை. அந்த எடை 2 நொடியில் இந்த பக்கம் இருந்து அந்த பக்கம் போனால் சின்ன படகு தாங்காது. உட்கார்ந்து இருந்தாலாவது எடை கீழே இருக்கும். எழுந்து நின்றால் எடை மேலே போகும், படகு இன்னும் வேகமாக சாயும்.

2 அடுக்கு படகில் ஆபத்து பல மடங்கு. மேல் தளத்தில் இருந்து காட்சி நன்றாக தெரியும் என்று எல்லோரும் மேலே ஏறினால், படகு தலை கனத்து நிற்கிறது. அடி கனமாக இருக்கும் தலையாட்டி பொம்மை தள்ளினாலும் எழுந்து நிற்கும். தலை கனமாக இருந்தால் சாய்ந்தது சாய்ந்ததுதான்.

காரணம் 3: வேலைக்கு கட்டிய படகில் உல்லாச சவாரி

மீன்பிடி படகு மோசமான படகு அல்ல. ஆனால் அது வலை, ஐஸ், மீன் என்று எடையை அடியில் சுமப்பதற்காக கட்டப்பட்டது. அதில் கூரை போட்டு, மேலே ஒரு தளம் அமைத்து, நாற்காலி போட்டு ஆட்களை ஏற்றினால் எடை எல்லாம் மேலே போய் விடுகிறது. வெளியே பெயிண்ட் அடித்து சீரியல் விளக்கு போட்டால் உள்ளே இருக்கும் குறை தெரியாது.

உள்நாட்டு கப்பல்கள் சட்டம் 2021-ன்படி ஆறு, ஏரி, காயல்களில் ஓடும் எந்திர படகுகளுக்கு ஆய்வு சான்றிதழ், பதிவு, இன்சூரன்ஸ், ஓட்டுனருக்கு தகுதி சான்று ஆகியவை வேண்டும். 1917-ம் ஆண்டில் இருந்து இருந்த பழைய சட்டத்துக்கு பதிலாக இது வந்தது. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2017-ல் படகு பாதுகாப்புக்கு தனி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டு இருக்கிறது. விதிமுறைக்கு பஞ்சம் இல்லை.

காரணம் 4: முகத்துவாரமும் இருட்டும்

ஏரியில் தண்ணீர் அமைதியாக இருக்கும். அதே தண்ணீர் கடலில் சேரும் முகத்துவாரத்தில் கதையே வேறு. உள்ளே இருந்து வெளியே பாயும் தண்ணீரும், வெளியே இருந்து வரும் அலையும் மோதும் இடம் அது. மணல் திட்டு இன்று இருந்த இடத்தில் அடுத்த மாதம் இருக்காது. "கடல் வரைக்கும் கூட்டிட்டு போங்க அண்ணே, கூட 100 ரூபா தர்றேன்" என்று பயணிகளே கேட்பதுதான் வேதனை.

சூரியன் மறைந்த பிறகு சவாரி கூடவே கூடாது. இருட்டில் கவிழ்ந்தால் தண்ணீரில் தத்தளிப்பவரை பக்கத்தில் இருப்பவரால் கூட பார்க்க முடியாது. வானம் கறுத்தாலும், காற்று திடீர் என்று திசை மாறினாலும் கரைக்கு திரும்பி விட வேண்டும்.

காரணம் 5: சீட்டுக்கு அடியில் லைப் ஜாக்கெட்

"வேர்க்குது", "டிரெஸ் கசங்குது", "போட்டோவுல நல்லா இருக்காது" - லைப் ஜாக்கெட் போடாததற்கு சொல்லப்படும் காரணங்கள் இவை. படகு கவிழும் நேரத்தில் ஜாக்கெட்டை தேடி எடுத்து மாட்ட முடியாது. ஏறும்போதே போட்டு, பக்கிள் எல்லாம் மாட்டி, இறுக்க வேண்டும்.

போட்ட பிறகு தோள் பட்டையை பிடித்து மேலே தூக்கி பாருங்கள். ஜாக்கெட் காதுக்கு மேல் வந்தால் அது பெரிய சைஸ். பெரியவர்கள் ஜாக்கெட்டை குழந்தைக்கு போட்டால் தண்ணீரில் விழுந்ததும் குழந்தை கீழே நழுவி விடும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். கிழிந்தது, பக்கிள் உடைந்தது, உள்ளே பஞ்சு நொறுங்கியது என்றால் வாங்காதீர்கள், வேறு கேளுங்கள்.

கவிழ்ந்து விட்டால்?

* மூடிய அறை அல்லது கூரைக்கு கீழ் இருந்தால் முதலில் வெளியே வர வேண்டும். ஜாக்கெட் உங்களை மேலே தள்ளும். கூரைக்கு அடியில் சிக்கினால் தலைகீழாக கவிழ்ந்த படகில் வழி தெரியாது. அதனால்தான் திறந்த ஓரத்துக்கு பக்கமாக உட்கார வேண்டும்.

* கவிழ்ந்த படகை விட்டு போகாதீர்கள். பைபர் படகுகளும் மர படகுகளும் பெரும்பாலும் தலைகீழாக மிதந்து கொண்டு இருக்கும். அதை பிடித்து கொண்டு இருங்கள். கரை பக்கத்தில் இருப்பது போல தெரியும், நீந்தினால்தான் தூரம் புரியும்.

* மூழ்குகிறவர் சினிமாவில் வருவது போல கத்த மாட்டார். வாயில் தண்ணீர் போகும்போது சத்தம் வராது. தலை பின்னால் சாய்ந்து, கை தண்ணீரை அடித்தபடி சத்தம் இல்லாமல் போவார்.

* கரையில் இருப்பவர்கள் குதிக்காதீர்கள். காலி தண்ணீர் கேன், கயிறு, டியூப், சேலை என்று எது கையில் கிடைத்தாலும் வீசுங்கள். காப்பாற்ற போனவரையும் சேர்த்து இழுத்து கொண்டு போன சம்பவங்கள் ஏராளம்.

* கடலோரம் என்றால் கடலோர காவல் படை 1554, கடலோர பாதுகாப்பு போலீஸ் 1093. எங்கே இருந்தாலும் 112, ஆம்புலன்சுக்கு 108.

210 அடி ஆழத்தில் இருந்து வந்த படகு

படகு மூழ்கியதும் முதல் வேலை ஆட்களை மீட்பது. அது முடிந்த பிறகுதான் படகு. ஆனால் உள்ளே உடல்கள் சிக்கி இருந்தால் இரண்டும் ஒரே வேலை ஆகி விடுகிறது. இதற்கு மிகப்பெரிய உதாரணம் ஆந்திராவில் நடந்தது.

2019 செப்டம்பர் 15-ந்தேதி பாப்பிகொண்டலு மலையை பார்க்க கோதாவரி ஆற்றில் 'ராயல் வசிஷ்டா' என்ற சுற்றுலா படகு 77 பேருடன் சென்றது. ஆற்றில் வெள்ளம் ஓடிய நேரம். கச்சுலூரு கிராமம் அருகே ஆறு வளையும் இடத்தில் சுழலில் சிக்கி படகு மூழ்கியது. 26 பேர் காப்பாற்றப்பட்டனர். நாட்டு படகுகளில் ஓடி வந்த கிராம மக்கள்தான் இவர்களை கரை சேர்த்தார்கள். மற்றவர்கள் ஜலசமாதி ஆனார்கள்.

படகு கிடந்த இடம் 200 அடிக்கும் மேல் ஆழம். அங்கே வெளிச்சம் இல்லை, சேறு, கடும் நீரோட்டம். பெரிய பெரிய மீட்பு குழுக்களே திணறின. கடைசியில் காக்கிநாடாவை சேர்ந்த தர்மாடி சத்தியம் என்பவரின் குழுவிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. மூழ்கிய படகுகளை எடுப்பதில் பல வருட அனுபவம் உள்ளவர்.

அவர்கள் செய்தது பார்க்க எளிதாக தெரியும். கனமான இரும்பு வடத்தை ஆற்றின் அடியில் வளையமாக இறக்கி, படகை சுற்றி சுருக்கு போட்டு, கரையில் எந்திரம் வைத்து இழுப்பது. முதலில் வடம் அறுந்தது. வெள்ளம் கூடியதால் வேலை நின்றது. மறுபடி தொடங்கியபோது படகின் கைப்பிடி கம்பி உள்ளிட்ட துண்டுகள்தான் வந்தன. விசாகப்பட்டினத்தில் இருந்து வந்த முத்துகுளிப்பது போல மூழ்கும் வீரர்கள் அடியில் போய் வடத்தை கட்டிய பிறகு, அக்டோபர் 22-ந்தேதி படகு மேலே வந்தது. மூழ்கி 38-வது நாள்.

உருக்குலைந்து வந்த அந்த படகுக்குள் உடல்கள் இருந்தன. ஒரு மாதத்துக்கும் மேல் கரையில் காத்து கிடந்த குடும்பங்களுக்கு இறுதி சடங்கு செய்யவாவது வழி கிடைத்தது. படகை எதற்கு அவ்வளவு செலவு செய்து எடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சிறிய படகை தூக்குவது எப்படி?

ஏரியிலும் காயலிலும் மூழ்கும் சிறிய படகுகளுக்கு பெரிய கிரேன் தேவை இல்லை. ஆனால் முறை தெரியாமல் இழுத்தால் படகு இரண்டாக பிளக்கும்.

உயிரிழப்பு நடந்து இருந்தால் போலீஸ், வருவாய்த்துறை அனுமதி இல்லாமல் படகை தொடக்கூடாது. அது முக்கிய தடயம். எங்கே ஓட்டை, என்ஜின் எந்த நிலையில் இருந்தது, எத்தனை ஜாக்கெட் கட்டியபடியே கிடக்கிறது என்று படகே சாட்சி சொல்லும். இன்சூரன்ஸ் இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் உடனே தகவல் சொல்லி, போட்டோ எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்து மிதவை. 200 லிட்டர் காலி டிரம் ஒன்று தண்ணீருக்குள் சுமார் 190 கிலோவை தூக்கும். 10 டிரம் கட்டினால் ஏறக்குறைய 1,900 கிலோ. டிரம்மில் தண்ணீர் நிரப்பி இறக்கி, படகின் இரண்டு பக்கமும் சமமாக கட்டி, பிறகு காற்று செலுத்தி தண்ணீரை வெளியே தள்ளுவார்கள். படகு மெதுவாக எழும்பும். இதற்கென்றே காற்று பைகளும் இருக்கின்றன.

கயிறை கைப்பிடி கம்பியில் கட்டக்கூடாது, பிய்த்து கொண்டு வரும். அடிக்கட்டையை சுற்றி அல்லது என்ஜின் தளம் போன்ற உறுதியான இடத்தில் கட்ட வேண்டும்.

விளிம்பு வெளியே வந்ததும் அவசரப்படக்கூடாது. 6 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள படகில் அரை மீட்டர் உயரத்துக்கு தண்ணீர் நின்றால் அதன் எடை நாலரை டன். தண்ணீரோடு சேர்த்து தூக்கினால் அடிப்பக்கம் உடையும். நிறுத்தி, பம்பு போட்டு இறைத்து, அப்புறம்தான் இழுக்க வேண்டும். இழுக்கும் கயிறுக்கு நேராக யாரும் நிற்கக்கூடாது. அறுந்த கயிறு சாட்டை மாதிரி அடிக்கும், கால் போகும், கண் போகும்.

என்ஜினுக்கு முதலுதவி

படகு மேலே வந்ததும் என்ஜினை "ஸ்டார்ட் பண்ணி பார்க்கலாம்" என்று கயிறை இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் உள்ளே கம்பி வளைந்து விடும், இருந்த என்ஜினும் போய்விடும்.

தண்ணீருக்குள் இருக்கும்வரை துரு மெதுவாகத்தான் பிடிக்கும். வெளியே எடுத்து காற்று பட்டதும் வேகமாக பிடிக்கும். அதனால் மெக்கானிக் வரும் நேரம் பார்த்து வெளியே எடுப்பது நல்லது. தாமதம் ஆகும் என்றால் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மூழ்க வைத்து இருக்கலாம்.

பிறகு நல்ல தண்ணீரில் உப்பும் மணலும் போக கழுவ வேண்டும். ஸ்பார்க் பிளக்கை கழற்றி, என்ஜினை சாய்த்து, கையால் மெதுவாக சுற்றி தண்ணீரை வடிக்க வேண்டும். சுற்றும்போது எங்காவது பிடித்தால் நிறுத்தி விடுங்கள். வடிந்ததும் சிலிண்டருக்குள் ஆயில் விட வேண்டும். பழைய பெட்ரோல், ஆயில் எல்லாவற்றையும் கொட்டாமல் கேனில் பிடித்து மாற்ற வேண்டும். உப்பு தண்ணீரில் ஊறிய வயரிங்கை மாற்றி விடுவதே புத்திசாலித்தனம். பேட்டரியில் உப்பு நீர் பட்டால் விஷ வாயு வரும், எச்சரிக்கை.

மீட்ட படகு மறுபடி ஓடலாமா?

ஓடலாம். ஆனால் பெயிண்ட் அடித்தால் போதாது.

பைபர் படகில் வெளியே முடி அளவு கீறல் தெரிந்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்து இருக்கலாம். சின்ன சுத்தியலால் தட்டி பார்ப்பார்கள். நல்ல இடத்தில் 'டங்' என்று சத்தம் வரும், பிரிந்த இடத்தில் மந்தமாக கேட்கும். கெட்ட பகுதியை முழுவதும் தேய்த்து எடுத்து, நன்றாக காய வைத்து, பைபர் மேட்டும் ரெசினும் அடுக்கடுக்காக போட வேண்டும். ஈரம் இருக்கும்போது ஒட்டினால் நிற்காது. உள்ளே மிதப்புக்காக வைத்த நுரை தண்ணீரை குடித்து இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் படகு முன்பைவிட கனமாகவே மிதக்கும்.

இதை எல்லாம் முடித்த பிறகும் மறு ஆய்வு செய்து சான்றிதழ் வாங்காமல் பயணிகளை ஏற்றக்கூடாது. விபத்தில் சிக்கிய படகை குறைந்த விலைக்கு வாங்கி, பெயரையும் கலரையும் மாற்றி, வேறு ஊரில் விட்டால் ஏறுகிறவர்களுக்கு எப்படி தெரியும்?

ஏறுவதற்கு முன் 5 கேள்வி

1. படகில் பதிவு எண்ணும், எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணும் எழுதி இருக்கிறதா?

2. ஏறி இருப்பவர்களை எண்ணினால் அதைவிட கூடுதலா? குழந்தைகளையும் சேர்த்து எண்ணுங்கள்.

3. எல்லோருக்கும் சரியான சைசில் லைப் ஜாக்கெட் இருக்கிறதா? ஓட்டுகிறவர் போட்டு இருக்கிறாரா?

4. காலடியில் தண்ணீர் நிற்கிறதா? நின்றால் இறங்கி விடுங்கள்.

5. இருட்டுவதற்குள் திரும்பி விடுமா?

ஒரு கேள்விக்கு பதில் சரியில்லை என்றாலும் டிக்கெட் காசு போனால் போகட்டும் என்று இறங்கி விடுவதே நல்லது. "இவ்வளவு தூரம் வந்துட்டு ஏறாம போறதா?" என்று பிள்ளைகள் அழுவார்கள். அழட்டும். கரையில் அழுதால் ஐஸ்கிரீம் வாங்கி கொடுத்து சமாதானம் செய்யலாம்.